கிட்டங்கியில் ஒரு கண் திறப்பு

"என் படத்துக்குக் கண்ணு வைக்கப் போறானுவ சாமி!"

ஆவுடையப்பன் கத்திக்கொண்டே மடத்துக்குள் வந்தார். வந்த வேகத்தில் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்.

சாமி அவர் காலைப் பார்த்தார்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாறையடியில் ஓர் ஓட்டுக் கொட்டகை, பக்கத்தில் ஒரு கிணறு, அவ்வளவுதான். சாமி கிழிந்த குடை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் கோபத்துக்கு மட்டும் இன்னும் மீசை முளைக்கவில்லை.

"எந்தப் படத்துக்கு அண்ணாச்சி?"

"செவப்புப் படத்துக்கு."

"யாரு வைக்கப் போறா?"

"தெருக் கமிட்டி! வெள்ளியில கண்ணு செஞ்சு வாங்கிட்டானுவ. நாளைக்குக் காலையில ஒட்டப் போறானுவளாம். அரக்கு வச்சு ஒட்டுவானுவளாம் சாமி, அரக்கு!"

சாமி ஊசியில் நூல் கோத்தார்.

கண் வைப்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். எங்கோ ஒரு கல் நிற்கும். அதற்கு மஞ்சள் பூசி, வெள்ளிக் கண் இரண்டை ஒட்டிவிட்டால் அது அம்மன். அந்தக் கண்ணுக்குக் கண்மலர் என்று பெயர். கல்லுக்கு வைத்தால் கல் கோபப்படப் போவதில்லை. இங்கே கோபப்பட ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் தகராறு.

ஆவுடையப்பன் பாதி வாழ்நாள் லாரி ஓட்டியவர். படம் போட யாரிடமும் படிக்கவில்லை. தானாக ஆரம்பித்தார், தானாகக் கெடுத்தார், தானாகவே திருத்திக்கொண்டார். அவர் படத்தில் மனுஷன் இருக்க மாட்டான், மாடு இருக்காது, தென்னை மரம்கூட இருக்காது. வெறும் நிறம்தான்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இது என்ன?" மச்சான் கேட்டார். முடி வெட்டுகிறவர் கேட்டார். சம்பந்தி கேட்டதோடு நிற்காமல் தலையைச் சாய்த்து வேறு பார்த்தார். பதில் சொல்லிச் சொல்லி ஆவுடையப்பனுக்கு ரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

இந்த வயதில், முதல் முறையாக, சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அவர் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். சிவப்புப் படத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் அதை ஏற்ற வண்டி வருகிறது. அதே காலையில் கமிட்டியும் வருகிறது. அரக்கு பட்டால் படம் போயிற்று.

"அந்தப் படத்தை எப்படிப் போட்டீங்க?" என்றார் சாமி.

"இப்ப அதுவா முக்கியம்?"

"குடை இன்னும் பாதி கெடக்கு. சொல்லுங்க."

"காடாத் துணியைத் தரையில விரிப்பேன். புளியங்கொட்டைப் பசை தடவிக் காயப்போடுவேன். பெறவு பெயிண்டை ஊத்துவேன். பழைய லாரி வைப்பர் ஒண்ணு வச்சிருக்கேன், அதால இழுப்பேன்."

"என்ன வரப்போகுதுன்னு மொதல்லயே தெரியுமா?"

"தெரிஞ்சா எதுக்கு இழுக்கணும்?"

சாமிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"இழுத்த பெறவு?"

"உக்காந்து பாப்பேன். மூக்கு மாதிரி எதுவும் வந்திருந்தா வழிச்சிருவேன். மலை மாதிரி வந்தாலும் வழிச்சிருவேன். ஒருக்க அப்படியே எங்க மாமனாரு வந்துட்டாரு. அவரையும் வழிச்சிட்டேன்."

"அவரு என்ன பாவம் பண்ணினாரு?"

"எதை மாதிரியும் இருக்கக் கூடாது சாமி! இதுக்கு முன்னால என் கண்ணு பாத்த எதுவும் அதுக்குள்ள இருக்கக் கூடாது. அதுதான் என் தொழிலு."

"எல்லாத்தையும் வழிச்சிட்டா?"

"வழிக்க முடியாம ஒண்ணு நிக்கும். அதுதான் படம்."

சாமியின் ஊசி நின்றது.

"அது எங்கேருந்து வருது?"

"எங்கேருந்தும் வரல. எவனும் கத்துக் குடுக்கல. எவன் முன்னாலயும் நான் கைகட்டி நிக்கல. தானா வருது."

"சரி" என்று மறுபடி தைக்க ஆரம்பித்தார் சாமி. "இதுல அம்மன் எப்படி வந்தா?"

"எல்லாம் அந்தச் சீனியம்மாவால வந்த வினை!"

சீனியம்மாள், ஆவுடையப்பன் படம் போடும் கிட்டங்கிக்கு, அதாவது பஞ்சு மூட்டை அடுக்கிய பழைய கிடங்குக்கு, சொந்தக்காரி. பெயர்தான் சீனி. வாயைத் திறந்தால் காந்தாரி மிளகாய். ஆவுடையப்பனை இன்றுவரை பெயர் சொல்லி அழைத்ததில்லை. டிரைவர் என்றுதான் சொல்வாள்.

"பசை நாறுதுன்னு ஏச வந்துச்சு சாமி. எலி செத்த நாத்தம்னு ஆரம்பிச்சுது. அன்னைக்குத்தான் அந்தப் படத்தைச் செவத்துல சாத்தி நிறுத்தியிருந்தேன். பாத்துச்சு. ஏச்சு அப்படியே பாதியில நின்னு போச்சு."

"பெறவு?"

"ரொம்ப நேரம் நின்னுச்சு. யாரு வரைஞ்சதுன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

ஆவுடையப்பன் கிணற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் வரையல, தானா வந்துச்சுன்னேன்."

சாமி சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் குத்திவிட்டது.

"சிரிக்காதீங்க சாமி! ஏதோ ஒரு கெத்துக்குச் சொன்னேன்."

"சொந்தக் காசுல சூனியம்னு சொல்லுவாங்க. நீங்க சொந்த வாயால வச்சிருக்கீங்க."

"அதுக்கு? மறுநாள் காலையில போனா தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டிருக்கு. எலுமிச்சம்பழம் இருக்கு. சூடம் எரியுது. நான் உள்ள நுழைஞ்சா, 'டிரைவரே, செருப்பைக் கழட்டிட்டு வாரும்'ங்குது. என்னைப் பாத்து! என் படத்துக்கு முன்னால!"

"கழட்டினீங்களா?"

"கழட்டுவேனா? போட்டுக்கிட்டுத்தான் போறேன். வேணும்னே ரெண்டு நடை கூட நடக்கேன்."

"கிட்டங்கி அந்தம்மாவோடதுல்லா?"

"கிட்டங்கி அவளோடது. படம் என்னோடது!"

"தானா வந்ததுன்னீங்க?"

ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது. குடையைப் பிடுங்கி எறியலாமா என்றுகூட யோசித்தார்.

"அந்தம்மா 'இது என்ன'ன்னு கேட்டாங்களா?" என்றார் சாமி.

ஆவுடையப்பன் செருப்பால் தரையைத் தேய்த்தார்.

"கேக்கல."

"படத்து மேல குங்குமம் வச்சாங்களா?"

"இல்ல. எல்லாம் கீழ, தரையிலதான்."

"கண்ணு வைக்கணும்னு சொன்னது அவங்களா?"

"யாரு சொன்னா என்ன சாமி? எல்லாம் ஒரே கூட்டம்தான்! இந்தம்மா கும்பிடுறதைப் பாத்துட்டு, அம்மன்னா கண்ணு வேணும்னு கமிட்டித் தலைவரு அய்யலுசாமி ஒரு பக்கம் குதிக்கான், இந்தம்மா ஒரு பக்கம் சூடம் கொளுத்துது. நாளைக்கு நீங்க வரணும். நீங்க சொன்னாத்தான் அடங்குவானுவ."

"என்ன சொல்லணும்?"

"அது சாமி இல்ல, வெறும் பெயிண்டுன்னு சொல்லணும்."

"வெறும் பெயிண்டா?"

ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெறும் பெயிண்டுக்கா அண்ணாச்சி இவ்வளவு கோபம்?"

"வருவீங்களா, மாட்டீங்களா?"

சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வாரேன்."

மறுநாள் காலையில் கிட்டங்கிக்குள் தெருவே திரண்டிருந்தது. அய்யலுசாமி தாம்பாளத்தோடு முன்னால் நின்றார். அதில் வெற்றிலை, எலுமிச்சம்பழம், நடுவில் பட்டுத் துணி மேல் வெள்ளிக் கண்கள் இரண்டு. அவை கூரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

சீனியம்மாள் கூட்டத்தில் நிற்கவில்லை. தூரத்தில், பழைய பஞ்சுத் தராசுக்குப் பக்கத்தில், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள்.

சாமி குடையோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்தபோதே ஆவுடையப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் மட்டும் செருப்புச் சத்தம் கேட்க, காலை நன்றாக ஓங்கி வைத்து உள்ளே நடந்தார்.

"சாமியே வந்தாச்சு" என்றார் அய்யலுசாமி. "ஒங்க கையாலயே வச்சிருங்க சாமி."

"என் கையாலயா? முறைன்னு ஒண்ணு இருக்கே. சிலைக்குக் கண்ணு யாரு தெறக்கணும்?"

"சிலை செஞ்ச ஆசாரி."

"வேற ஆளு கை படலாமா?"

"படக் கூடாது."

"அப்போ நம்ம அண்ணாச்சிதான வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, தாம்பாளத்தை வாங்கி ஆவுடையப்பன் கையில் கொடுத்தார் சாமி.

கமிட்டி தலையாட்டியது. முறை என்று சொன்னால் கமிட்டி எதற்கும் தலையாட்டும்.

ஆவுடையப்பன் சாமியைப் பார்த்துக் கத்தினார்.

"இதுக்கா ஒம்மைக் கூட்டிட்டு வந்தேன்? நம்பி வந்தவன் கழுத்தை அறுத்துட்டீரே! நீரெல்லாம் ஒரு சாமியா?"

சாமி பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "கயிறு கட்டித் திரையைப் போடுங்க" என்றார். அப்புறம் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"எங்க வைக்கணுமோ அங்க வைங்க. வைக்க வேண்டாம்னா வைக்காதீங்க. ஒங்களைத் தவிர வேற யாரும் கை வைக்க முடியாது. நேத்து நீங்க கேட்டது இதுதான?"

பழைய போர்வை ஒன்றைத் திரையாக இழுத்துவிட்டார்கள். உள்ளே ஆவுடையப்பனும் படமும் மட்டும் இருந்தார்கள்.

படத்தின் நடுவில் ஒரு கறுப்பு. மேலிருந்து சிவப்பு வழிந்து அதன்மேல் இறங்கியிருக்கும். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். வேறு ஒன்றும் இல்லை.

வைக்கப் போவதில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் போனவுடன் வெளியே வந்தால் கமிட்டி விடாது. பொழுதைப் போக்க வேண்டும். அதோடு, கையில் கண் இருக்கும்போது எங்கே பொருந்தும் என்று பார்க்காமல் இருக்க யாரால் முடியும்?

ஒட்டாமல், விரல் நுனியில் பிடித்து, மேலே வைத்துப் பார்த்தார். காக்கா ஆகிவிட்டது.

கீழே இறக்கினார். நண்டு.

தள்ளித் தள்ளி வைத்தார். அசல் அய்யலுசாமி.

அருவருப்பாக இருந்தது. எங்கே வைத்தாலும் அவ்வளவு பெரிய படம் சுருங்கி ஏதோ ஒரு பிராணியாகிவிட்டது. கண்களை வெடுக்கென்று எடுத்தார். படம் மறுபடி மூச்சுவிட்டது.

போர்வைக்கு வெளியே யாரோ மணி அடித்தார்கள். குலவைச் சத்தம் கேட்டது.

திரைக்குப் பின்னால் அந்தச் சத்தத்தை அவர் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

அரை டவுசர் வயது. அம்மா ஊர் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று திரையை இழுத்துவிட்டார்கள். வெளியே மணி, குலவை. எல்லோரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றபோது அவன் மட்டும் குனிந்து திரைக்கு அடியில் தலையை விட்டான்.

கல்.

கண் இல்லை. மூக்குத்தி இல்லை. பட்டு இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கறுப்பாக, நனைந்து, சும்மா நின்றது. மேலேயிருந்து குங்குமத் தண்ணீர் அதன்மேல் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அது அவனைப் பார்த்தது. எதை வைத்துப் பார்த்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பூசாரி காதைத் திருகி வெளியே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் திரை திறந்தது. கண்ணும் பட்டும் மூக்குத்தியுமாக அம்மன் நின்றாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் போட்டுக்கொள்ளவில்லை. இது அது இல்லை என்று அவனுக்குக் கோபமாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் மறந்தும் போனான்.

ஆவுடையப்பன் படத்தைப் பார்த்தார்.

நடுவில் கறுப்பு. மேலிருந்து இறங்கும் சிவப்பு. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

அவர் ஓரடி பின்வாங்கினார். இத்தனை வருஷம் எத்தனை மூக்கை வழித்தார், எத்தனை மலையை வழித்தார்! அத்தனையும் வழித்து வழித்துக் கடைசியில் இங்கேயா வந்து நிற்க வேண்டும்? எவன் முன்னாலும் கைகட்டி நிற்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே! அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"வச்சாச்சா?" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார் அய்யலுசாமி.

ஆவுடையப்பன் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். தாம்பாளத்தில் கண்கள் அப்படியே இருந்தன. காலில் செருப்பு இல்லை.

சீனியம்மாள் அவர் காலைப் பார்த்தாள்.

"என்ன, வைக்கலையா?"

"வைக்கல."

"ஏன்?"

ஆவுடையப்பன் தாம்பாளத்தை நீட்டினார்.

"எடம் இல்ல."

"எடம் இல்லையா?" அய்யலுசாமி எகிறினார். "கல்யாணப் பந்தி போடலாம், அம்புட்டுப் பெரிய துணி! அதுல ரெண்டு கண்ணுக்கு எடம் இல்லையா? கண்ணு இல்லாட்டி இது என்னன்னு எவனுக்குய்யா தெரியும்?"

இது என்ன.

ஆவுடையப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கும் முன்பே தராசுப் பக்கமிருந்து வெடித்தது.

"எனக்குத் தெரியும்லே!"

சீனியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"கண்ணு இல்லாமத்தான் நான் பாத்தேன். அதுவும் கண்ணு இல்லாமத்தான் என்னப் பாத்துச்சு. நீயாலே வந்து சொல்லணும்? கண்ணு வைக்காண்டாம், வைக்காண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒரு பய கேட்டானா? ஒனக்குப் பாக்கத் தெரியலேன்னா அதுக்கு எதுக்குலே கண்ணு? போ, போய் மொதல்ல ஒன் மூஞ்சியக் கழுவு!"

ஆவுடையப்பன் வாயைப் பிளந்து நின்றார். மச்சானிடம் சொல்லத் தெரியாமல், சம்பந்தியிடம் சொல்ல முடியாமல், காலமெல்லாம் அவர் தேடிய பதில் அது. இவளைத்தான் இத்தனை நாளும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்து வைத்து ஏசிக்கொண்டிருந்தார்.

அய்யலுசாமி சாமியைப் பார்த்தார். சாமி குடையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி முணுமுணுத்துக்கொண்டே தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு போனது. கண்ணைச் செய்தாயிற்று, அதற்கு ஒரு கல் கிடைக்காமலா போகும்?

கிட்டங்கி காலியானதும் ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, இதை மெட்ராசுக்கு ஏத்த வண்டி வருது."

"வரட்டும்."

"ஒனக்குச் சம்மதமா?"

"அம்மன் வெளிய எறங்குறதே இல்லையா? போயிட்டு, திரும்பி வந்து சேரணும். அம்புட்டுத்தான்." பிறகு மூக்கைச் சுளித்தாள். "பசை நாத்தம் மட்டும் இன்னும் போகல டிரைவரே."

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது.

கண்காட்சிக்காரர் இறங்கினார். சென்னை ஆள். நல்ல சட்டை, கறுப்புக் கண்ணாடி, பளபளவென்று தோல் செருப்பு. கோலத்தின் மேலேயே நடந்து உள்ளே வந்தார். படத்துக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்து நின்றார்.

"பிரமாதம் சார்" என்றார். பிறகு லேசாகத் தலையைச் சாய்த்தார். "ஒண்ணு கேக்கலாமா? இது என்ன சார்?"

சீனியம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். சாமி அவளைக் கையமர்த்தினார்.

ஆவுடையப்பனின் முகம் சிவந்து, காது சிவந்து, மீசை துடித்தது.

"யோவ்! மொதல்ல செருப்பைக் கழட்டுய்யா!"